மாட்டுக்கொட்டகை ராலி: ஓட வைப்பதா, புதிது வாங்குவதா?

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

அப்பா ஓட்டிய 28 அங்குல ராலி சைக்கிள் எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி பல வருடங்களாகக் கிடக்கிறது. டயர்கள் மக்கிவிட்டன, செயின் இறுகிக் கட்டியாகிவிட்டது, ஆனால் ஃபிரேம் நேராகத்தான் தெரிகிறது. எங்கள் ஊர் மெக்கானிக், பெயிண்ட் அடித்து எல்லாவற்றையும் மாற்றிப் புதிது போல ஆக்கித் தருவதாகச் சொல்லிப் பத்தாயிரம் ரூபாய் கேட்கிறார். அந்தப் பணத்துக்குக் கியர் வைத்த புதுச் சைக்கிளே வந்துவிடும். பழைய சைக்கிளைப் புதுப்பிப்பது பாசத்துக்குக் கட்டும் தண்டம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம். தினமும் ரயில் நிலையம் வரை போய்வரத்தான் எனக்குச் சைக்கிள் வேண்டும். வயது ஐம்பத்திரண்டு.

5 அக்டோபர் 2025

பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள், அதே வேகத்தில் கடைக்குப் போய்ப் புதிதும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் மெக்கானிக் இரண்டு வேலைகளை ஒரே தொகைக்குள் போட்டுச் சொல்லியிருக்கிறார். சைக்கிளை ஓட வைப்பது ஒரு வேலை, அதைப் பளபளக்க வைப்பது இன்னொரு வேலை. டயர், டியூப், செயின், பேரிங் குண்டுகள், பிரேக் கட்டைகள், காட்டர் பின்கள் (பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்புகள்) ஆகியவற்றை மாற்றி ஓவர்ஆயில் செய்தால், அதாவது எல்லாவற்றையும் பிரித்துக் கழுவிக் கிரீஸ் வைத்துக் கோத்தால், அவர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகாது என்பது என் கணிப்பு. மிச்சமெல்லாம் பெயிண்டுக்கும் முலாமுக்கும் போகிறது. புதுச் சைக்கிளின் விலையோடு ஒப்பிட வேண்டியது முதல் வேலையின் செலவை மட்டுமே.

அதற்கு முன்னால் ஃபிரேமைப் பாருங்கள், ஏனென்றால் மாற்ற முடியாத உறுப்பு அது ஒன்றுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு நுழையும் கூட்டின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். குழாய்களின் வழியே இறங்கும் தண்ணீர் வந்து தேங்கும் இடம் அது. சீட்டுத் தண்டைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் தூள் இருப்பது சாதாரணம்; தகடு தகடாக உதிர்ந்தால் ஆபத்து. ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் மூட்டுகளில் பெயிண்ட் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தால், அந்த இடத்தைச் சுரண்டி, வெடிப்பு பெயிண்டோடு நிற்கிறதா, இரும்புக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரும்பில் இறங்கியிருந்தால் பேச்சே வேண்டாம், சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடலாம்.

நேராகத்தான் தெரிகிறது என்பது போதாது. பின்சக்கரம் உட்காரும் வலப்பக்கக் காதில் ஒரு நூலைக் கட்டி, அதை முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, இடப்பக்கக் காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சைக்கிள் எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது.

5 அக்டோபர் 2025, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. உங்களிடம் இருப்பது எந்த ராலி? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்தது ஒன்று. மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்–ராலி நிறுவனம் 1952 முதல் செய்தது இன்னொன்று. நம் ஊரில் 'சீமை ராலி' என்று பெருமையாகச் சொல்லப்படும் சைக்கிள்களில் பல அசன்சோல் சரக்குதான். அதைக் குறைவாகச் சொல்லவில்லை, அதுவும் உழைத்த சைக்கிள்தான். அந்த நிறுவனத்தை 1980இல் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அதுவும் மூடப்பட்டது. முன்பக்கத்துத் தகட்டில் கொக்குத் தலையோடு உள்ள முத்திரையின் அடியில் இருக்கும் எழுத்தைத் துடைத்துப் படித்தால் ஊர் தெரிந்துவிடும்.

இது வெறும் வம்சாவளி விசாரணை அன்று. நாட்டிங்ஹாம் ராலியின் பெடல் அச்சுக் கூட்டில் அங்குலத்துக்கு 26 மரை இருக்கும். மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களிலும் அவற்றைப் பின்பற்றிய நம் ஊர்ச் சைக்கிள்களிலும் 24 மரை. இந்தக் கூட்டில் முறுக்கி ஏற்றும், குண்டுகள் உருளும் கிண்ணம்தான் கப்; கடையில் கிடைக்கும் கப் 24 மரைக்கானது. அது தெரியாமல் சுத்தியலால் தட்டி முறுக்கி ஏற்றினால் கூட்டின் மரையே அழிந்துவிடும், ஃபிரேமும் அத்தோடு போயிற்று. ஆகவே பழைய கப்புகளைக் கழற்றினால், அவை எவ்வளவு தேய்ந்திருந்தாலும், புதியவை கையாலேயே மூன்று சுற்று ஏறுவதைக் கண்ணால் பார்க்கும்வரை தூக்கி எறியாதீர்கள்.

8 அக்டோபர் 2025

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: நூல் சோதனையில் தேறிவிட்டது, மூட்டுகளில் வெடிப்பு இல்லை, தகட்டில் இருப்பது அசன்சோல். நல்லது, இனி உதிரிபாகங்களுக்கு வருகிறேன்.

பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு நம் நாட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. பால்காரரும் இளநீர் விற்பவரும் கத்தி சாணை பிடிப்பவரும் இன்றும் அந்த வகைச் சைக்கிளைத்தான் ஓட்டுகிறார்கள் என்பதால், 28 × 1½ அளவு டயரும் டியூபும் சிறு ஊர்க் கடையில்கூடத் தொங்கும். ஐரோப்பாவில் இதே டயருக்கு ஆட்கள் இணையத்தில் அலைகிறார்கள். ஆனால் டயர் வாங்கும்போது ஒரு குழப்பம் நேரக்கூடும். இப்போதைய ஹைபிரிட் சைக்கிள்களின் 700 அளவு டயரையும் சிலர் 28 என்றே சொல்லி விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: உங்களுக்கு வேண்டியது 635, ஹைபிரிட் டயரில் இருப்பது 622. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். எந்த நெம்புகோலைப் போட்டாலும் ஏறாது.

ரிம் மாற்ற வேண்டியிருந்தால் கம்பித் துளைகளை எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள். அந்தக் காலத்து முறைப்படி முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். பாரமெல்லாம் பின்னால் கேரியரில் ஏறும் என்பதைக் கணக்கில் எடுத்த ஏற்பாடு அது. புதிய சைக்கிள்களில் இரண்டுக்கும் 36 என்பது பரவலாகிவிட்டதால், அந்த ரிம் உங்கள் ஹப்புக்கு, அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டுக்கு, பொருந்தாது. ரிம்மில் லேசான கோட்டம் இருந்தால் மாற்றவே வேண்டாம், கம்பிகளை முடுக்கி எடுத்துவிடலாம். கோட்டம் எடுக்கத் தெரிந்த கை கிடைப்பதுதான் இன்று ரிம் கிடைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

செயின், பெடல், பிரேக் கட்டை ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சீட் தோலாக இருந்தால் எண்ணெயில் ஊறப் போடாதீர்கள், அது தொய்ந்து தொட்டிலாகிவிடும்.

11 அக்டோபர் 2025

'ஓவர்ஆயில் என்று சுலபமாகச் சொல்கிறீர்களே, உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மாமனார் விட்டுப்போன ஹெர்குலிஸ் சைக்கிளைப் பிரித்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில்; எங்கள் தெருமுனைக் கடை பாய், தன் கடை வாசலில் சாக்கை விரித்து, என்னையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு பிரித்தார்.

முதலில் காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிடித்துவைத்திருக்கும் அந்தச் சின்ன ஆப்பு, இத்தனை வருடத் துருவில் இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தது. பாய் நட்டைக் கழற்றாமல் நுனிவரை மட்டும் தளர்த்தினார். அடி விழும்போது மரை நசுங்காமல் இருக்க அந்த நட்டே காப்பு என்றார். பிறகு ஒரு துண்டு நீர்க்குழாயை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் கிராங்கை உட்கார வைத்து, ஒரே அடி. பின் தெறித்துவிட்டது. அந்தக் குழாய் முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகமெல்லாம் உள்ளே இருக்கும் குண்டுகளின் மேல் இறங்கி, கப்பில் குழி விழுந்துவிடும். ஒரு மெக்கானிக்கிடம் பழைய சைக்கிளை ஒப்படைக்கலாமா என்று முடிவு செய்ய, அவர் காட்டர் பின்னை எப்படிக் கழற்றுகிறார் என்பதைப் பார்த்தாலே போதும்.

ஹப்பைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் இல்லை. என் மாமனார் வீட்டுத் தேங்காய் எண்ணெயைத்தான் எல்லாவற்றுக்கும் ஊற்றியிருக்கிறார். அது வருடக்கணக்கில் காய்ந்து, கருப்பட்டிப் பாகு போல இறுகி, குண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. அந்தப் பிசினையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி எடுத்தபோது, பாய் கோனை (குண்டுகள் உருளும் கூம்பு) என் கையில் கொடுத்து விரல் நகத்தால் சுற்றி வருடச் சொன்னார். நகம் ஓரிடத்தில் தடுக்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழி இருந்தால் கோனை மாற்ற வேண்டும், நகம் வழுக்கிக்கொண்டு போனால் வைத்துக்கொள்ளலாம். கோன் மலிவான பொருள். ஹப்புக்குள் இருக்கும் கப் நன்றாக இருந்தது. அது போயிருந்தால்தான் செலவு. பின் ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் கால் அங்குலக் குண்டு. முன் ஹப்புக்கு அதைவிடச் சிறியது. குண்டுகளைப் பழசும் புதிதுமாகக் கலக்கக்கூடாது. ஒரு பக்கம் மாற்றினால் அந்தப் பக்கத்துக்குரிய எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பெடலைக் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இடப் பெடலின் மரை எதிர்த்திசை. எல்லா மரையையும் போல இடப்பக்கம் திருகிக்கொண்டே இருந்தால் கழலாது, இறுகும். பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் அப்படித்தான்.

12 அக்டோபர் 2025

பாய் எவ்வளவு வாங்கினார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கே எழுதினால் அடுத்த மாதம் அவர் வாசலில் கூட்டம் கூடி எனக்கு இடம் கிடைக்காது.

15 அக்டோபர் 2025

கேள்வி கேட்டவருக்கு: மெக்கானிக் மறுபடியும் பெயிண்டை வலியுறுத்துகிறார் என்றால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். சைக்கிள் ஓடுவதற்குப் பெயிண்ட் ஒன்றும் செய்வதில்லை. அந்தக் காலத்தில் எனாமலைப் பூசிச் சூளையில் வாட்டுவார்கள்; அது இரும்பைப் பற்றிக்கொள்ளும் விதம் வேறு. இன்று தெருவோரத்தில் ஸ்பிரே அடிப்பதற்காக அதைச் சுரண்டி எடுத்தால், நல்ல பூச்சைக் கழித்துவிட்டுச் சுமாரான பூச்சுக்குக் காசு கொடுத்ததாக ஆகும். குழாய்களின் ஓரமாகப் பொன்னிறத்தில் ஓடும் மெல்லிய கோடு உங்கள் சைக்கிளில் மிச்சம் இருந்தால், அதைத் திரும்பப் போட இன்று எளிதில் ஆள் கிடைக்காது. துரு தெரியும் இடங்களை மட்டும் தேய்த்து எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

முலாம் பூசிய ஹேண்டில் பாருக்கும் ரிம்முக்கும் ஒரு மலிவான வைத்தியம் உண்டு. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். மேலாகப் படிந்த துரு கரும்பசையாக இறங்கி, அடியில் மிச்சமிருக்கும் முலாம் வெளியே வரும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. முலாமே உரிந்துபோன இடங்கள் கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். புதிதாக முலாம் பூச வேண்டுமென்றால் முதலில் இரும்பைச் சாணை பிடித்து வழவழப்பாக்குவார்கள். ஏற்கெனவே மெலிந்த ரிம் இன்னும் மெலியும்.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர் நினைவுக்கு வருகிறார். அவர் தன் தாத்தாவின் சைக்கிளைக் கண்ணாடி போல ஆக்கினார். அதன் பிறகு மழை, வெயில், கடைத்தெரு ஆகிய மூன்றுக்கும் பயந்து, அதை வெளியே எடுப்பதில்லை. இப்போது அது வரவேற்பறையில் நிற்கிறது. அவர் வெளியே போவது ஸ்கூட்டரில்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி, மழை பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த மழையில்தான் நான் இதுவரை எழுதியதை மறுபடி யோசிக்கிறேன். இதுவரை பழைய சைக்கிளின் பக்கமே பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு எதிரான வலுவான வாதம் விலையிலும் இல்லை, கியரிலும் இல்லை, பிரேக்கில் இருக்கிறது.

பழைய ராலியில் இருப்பது கம்பி பிரேக். ஹேண்டில் பாரிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, லாட வடிவத்தில் ஒரு பிடியைத் தூக்க, அதில் உள்ள கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அதாவது சக்கரக் கம்பிகள் வந்து சேரும் பக்கத்தில், போய் அழுத்தும். காய்ந்த சாலையில் இது போதும். கேபிள் பிரேக்கைப் போலத் துருப்பிடித்து அறுந்துவிடும் கவலையும் இல்லை. ஆனால் முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால், ரப்பர் கட்டை அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும். எங்கள் பக்கத்து மேம்பாலத்தில் ஒரு மழைநாளில் ஹெர்குலிஸோடு இறங்கியபோது, இரண்டு பிடிகளையும் முழுவதும் இழுத்திருந்தும் சைக்கிள் தன் விருப்பத்துக்குப் போயிற்று. கீழே சிக்னலில் நின்ற ஆட்டோவுக்குச் சற்று முன்னால், செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன். செருப்பு அன்றோடு முடிந்தது.

கட்டையை மாற்றினால் சரியாகுமா என்றால், ஓரளவுக்குத்தான். ரிம்மை மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். புதிய சைக்கிள்களின் பிரேக் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கிறது. அதற்கு ரிம்மின் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கம்பி பிரேக் ரிம்மின் பக்கம் உருண்டை. ஆகவே அலுமினிய ரிம், அதற்கேற்ற பிரேக், கேபிள், புதிய பிடிகள் என்று ஒன்று தொட்டு ஒன்றாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். முன்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள ஹப்பைப் போட்டுக் கட்டுவது இன்னொரு வழி. மழையிலும் பிடிக்கும், ஆனால் அந்த ஹப்பைத் தேடிப் பிடித்துச் சக்கரம் கட்டி முடிக்கும்போது புதுச் சைக்கிளின் விலை நெருங்கிவிடும்.

எனவே கேள்வி கேட்டவர் எனக்கு ஒரு விவரம் தர வேண்டும்: வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பாலம் இருக்கிறதா? மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?

21 அக்டோபர் 2025

பதில் வரும்வரை ஏறுவதைப் பற்றிப் பேசலாம். 'இந்த வயதில் கியர் இல்லாமல் மிதித்தால் முட்டி போய்விடும்' என்று எழுதியவருக்கு இது.

பழைய சைக்கிளின் முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சைக்கிளில் எண்ணிப் பாருங்கள், 48 இருந்தாலும் இருக்கும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டே கால் மீட்டர். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் சைக்கிள் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகர்கிறது. சமதளத்தில் இது சுகம்; பாலத்தில் ஏறும்போது இதுதான் முட்டியைப் பிடிக்கிறது. பின்னால் 18 பல் ஃப்ரீவீலை எடுத்துவிட்டு 22 பல் போட்டால், ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர் என்று குறைந்துவிடும். வேகம் கொஞ்சம் போகும், அழுத்தம் நிறையக் குறையும். செயினில் இரண்டு கண்ணி கூடுதலாகச் சேர்க்க வேண்டிவரலாம், செயின் கவர் முழு மூடலாக இருந்தால் உள்ளே பல் உரசாமல் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளூர்க் கடையில் 22 இல்லையென்றால் 20 கிடைக்கும், அதுவும் உதவும். மலிவான பொருள் இது. இருபது கிலோவை ஒட்டிய சைக்கிளுக்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறு உபகாரம் செய்ய முடியாது.

சீட்டின் உயரத்தையும் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். நம் ஆட்கள், இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பிறகு முட்டி வலிக்கிறது என்று கியர் சைக்கிள் வாங்குகிறார்கள். அந்தச் சைக்கிளின் சீட்டையும் தாழ்த்திவிடுகிறார்கள்.

22 அக்டோபர் 2025

ஸ்டர்மி–ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் தன்னிடம் ஒன்று இருப்பதாகவும், அதைப் போடலாமா என்றும் ஒருவர் கேட்கிறார். பேஷாகப் போடலாம். ஹப்பின் மேல் மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும், பாருங்கள். அந்த நிறுவனத்தின் நாட்டிங்ஹாம் ஆலை 2000த்தோடு முடிந்து, பெயர் தைவானுக்குப் போய்விட்டது. ஆனாலும் உள்ளே இருக்கும் பல்லும், பல்லில் கொக்கி போல மாட்டும் பாதமும் உடையாத வரை, எண்ணெய்த் துளையில் மெல்லிய எண்ணெய் விட்டால் போதும், அது ஓடிக்கொண்டே இருக்கும். கிரீஸை உள்ளே அடைக்காதீர்கள், பாதங்கள் ஒட்டிக்கொள்ளும். அதில் 40 துளை இருந்தால் உங்கள் பழைய ரிம்மே போதும்.

26 அக்டோபர் 2025

புதியதைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிட வேண்டும். சென்ற மாதம் 22ஆம் தேதி முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, ஆகவே முன்பு கேட்ட விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் பத்தாயிரத்தைச் சுற்றிய விலையில் கடைக்காரர் முதலில் காட்டுவது, தடித்த டயரும், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கும், இருபத்தொரு கியரும் உள்ள சைக்கிளாகத்தான் இருக்கும். அந்த விலையில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் எடையைக் கூட்டுகிறது, மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்குகிறது, கொஞ்ச காலத்தில் இறுகி வெறும் பாரமாகிவிடுகிறது. இருபத்தொரு கியரில் நீங்கள் பயன்படுத்தப் போவது மூன்று. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், பூட்டு எல்லாம் தனிக் கணக்கு. பழைய சைக்கிளில் இவை அத்தனையும் கூடவே பிறந்தவை என்பதை ஒப்பிடும்போது மறந்துவிடுகிறோம்.

என் மகளுக்கு வாங்கிய சைக்கிளை வைத்து ஒன்று சொல்கிறேன். புதுச் சைக்கிள் கடைக்குப் பெட்டியில் பாதி கோத்த நிலையில்தான் வருகிறது. மீதியைக் கடையில் கோக்கிறார்கள். அவசர அவசரமாகக் கோத்துக் கொடுத்ததில் பெடல் ஒன்று கோணலாக மரையில் ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் அது கிராங்கின் மரையை அரைத்துவிட்டது. அலுமினியக் கிராங்க் என்பதால் அரைபட வெகுநேரம் ஆகவில்லை. கடையில், ஓட்டிய விதம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாய்தான் வேறு கிராங்க் போட்டுக் கொடுத்தார். புதிது வாங்கினாலும், முதல் வாரத்தில் வெளியே ஒரு கையறிந்தவரிடம் காட்டி எல்லா நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாங்குவதென்றால் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், அலுமினிய ரிம், பின்னால் மட்டும் ஆறு அல்லது ஏழு கியர், மட்கார்டும் கேரியரும் முடுக்கத் துளைகள் உள்ள ஃபிரேம், இவ்வளவுதான் பாருங்கள். நிறத்தை மகனிடம் விட்டுவிடலாம்.

2 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் ஒரு வழியாகப் பதில் எழுதியிருக்கிறார். வழியில் ரயில்வே மேம்பாலம் ஒன்று இருக்கிறது. மழை நாளில் அவர் எப்போதுமே பஸ்ஸில்தான் போவாராம். சட்டை நனைந்து அலுவலகம் போக அவருக்கு இஷ்டம் இல்லை.

இது கணக்கை மாற்றுகிறது. மழையில் ஓட்டியே ஆக வேண்டியவராக இருந்தால், பாலம் உள்ள வழிக்குக் கம்பி பிரேக் சைக்கிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்திருப்பேன். காய்ந்த நாளில் மட்டும் ஓட்டுபவருக்கு, ஃபிரேம் நன்றாக உள்ள ராலி போதும். பாலத்தில் ஏறுவதற்கு 22 பல் ஃப்ரீவீல். இறங்குவதற்கு நல்ல பிரேக் கட்டைகள், அவை இரு பக்கமும் ரிம்மைச் சமமாகத் தொடும்படி கம்பிகளின் நீளச் சரிபார்ப்பு. திரும்பி வரும்போது எதிர்பாராமல் மழை பிடித்தால், பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வீம்பு வேண்டாம்.

ரயில் நிலையத்து ஸ்டாண்டில் விடும் சைக்கிள் என்பதையும் நான் முன்பே யோசித்திருக்கலாம். பெயிண்ட் உதிர்ந்த பழைய சைக்கிளை அங்கே யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பித்தளை பெல்லை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

3 நவம்பர் 2025

'புதுப்பித்தால் பழம்பொருள் விலைக்கு விற்கலாமே' என்று ஒருவர். விற்பதற்காகச் செய்வதென்றால் இந்த விவாதமே வேறு, அதில் எனக்கு அக்கறை இல்லை.

9 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் வேலையைத் தொடங்கிவிட்டார். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பெயிண்ட் இல்லாமல் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்த வரிசையில் செலவு செய்வது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் பாதியில் நிறுத்தினாலும் பணம் வீணாகக்கூடாது.

முதலில் பெடல் அச்சையும் இரண்டு ஹப்புகளையும் பிரித்துக் கழுவிப் பாருங்கள். இதில் பெரிய கோளாறு தெரிந்தால் கழுவிய கூலியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவை தேறினால் குண்டு, கோன், கிரீஸ். பிறகு பிரேக் கட்டைகள். டயர், டியூப், செயின் கடைசியில்தான், ஏனென்றால் அவை புதுச் சைக்கிள் வாங்கினால் உதவாத அளவுகள். பெரும்பாலோர் டயரிலிருந்து தொடங்குகிறார்கள். டயர் மாட்டிய கையோடு, இவ்வளவு செலவு செய்துவிட்டோமே என்று மற்றதையும் தொடர்கிறார்கள், ஃபிரேமில் வெடிப்பு இருந்தால்கூட.

காட்டர் பின் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். ஒன்பது மில்லிமீட்டரும் ஒன்பதரையும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். சிறியதைப் போட்டால் கிராங்க் ஆடும். பின்னின் சாய்ந்த முகத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, அச்சின் வெட்டில் முழுவதும் பதிகிறதா என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே பக்கமாக மாட்டினால் இரண்டு பெடல்களும் நேர்கோட்டில் நிற்காது.

23 நவம்பர் 2025

ஓடுகிறதாம். இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போடுகிறது, கப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார். கப் இல்லை. புது காட்டர் பின் ஓட ஓடத் தன் இடத்தில் இறங்கியிருக்கிறது, நட்டு தளர்ந்திருக்கிறது. கிராங்குக்கு அடியில் முட்டு வைத்துப் பின்னின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு நட்டை இறுக்குங்கள். நட்டை மட்டும் முறுக்கிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரை உரிந்துவிடும். அடுத்த சில நாட்களில் இன்னொரு முறை இதைச் செய்ய வேண்டியிருக்கும், பிறகு சத்தம் வராது.